44 மடங்குன்னு ஒரு நம்பர்

கண்ணும் வாயும் காஞ்சு போற ஷோக்ரன்ஸ் நோய்னு ரிப்போர்ட்ல பாத்தவங்க எல்லாரும் அன்னைக்கு ராத்திரியே செய்யுற வேலை ஒண்ணுதான், போனை எடுத்து நோண்டுறது. கண்ணு ஏற்கனவே மண்ணு விழுந்த மாதிரி உறுத்திட்டு இருக்கும், அதோடவே நோண்டி நோண்டி கடைசில ஒரு வரில போய் முட்டிக்குவாங்க, இந்த நோய் இருக்குறவங்களுக்கு லிம்போமா வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட 44 மடங்குன்னு. லிம்போமான்னா நிணநீர் புற்றுநோய். அதுக்கப்புறம் தூக்கம் எங்க வரும். எனக்கு இந்த நோய் வந்து வருஷக்கணக்கா ஆச்சு, சொந்தக்காரங்க சிநேகிதங்க மூலமா நம்பர் வாங்கி புதுசா யாராவது போன் பண்ணாலும் முதல் கேள்வி இதுதான், "அக்கா, அந்த 44 நிஜமா?"

நிஜம்தான். ஆனா அது யாரை எண்ணி வந்த நம்பர், எந்த வருஷத்து நம்பர்னு ஒருத்தரும் சொல்றதில்ல. நான் டாக்டர் இல்ல, காலம்பூரா பேங்க்ல கணக்கு பாத்தவ, ஒரு நம்பரை காட்டினா அது எந்த லெட்ஜர்ல இருந்து வந்துச்சுன்னு பாக்காம விட மாட்டேன், அதனால இதையும் விடல.

நோயைப் பத்தி தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடுறேன். நம்ம எதிர்ப்பு சக்தியே நம்ம கண்ணீர் சுரப்பியையும் எச்சி சுரப்பியையும் எதிரின்னு நினைச்சு தாக்குறதுதான் ஷோக்ரன்ஸ். 10 பேருல 9 பேர் பொம்பளைங்க, பெரும்பாலும் நாப்பது அம்பது வயசுல பிடிபடும், அந்த வயசுல வாய் காயுது, உடம்பு அசதியா இருக்குன்னு போனா "மாதவிலக்கு நிக்கிற நேரம்மா, அப்படித்தான் இருக்கும்"னு ஒரு வைட்டமின் மாத்திரையோட அனுப்பிடுவாங்க, என்னையும் அப்படித்தான் அனுப்பினாங்க. தண்ணி இல்லாம ஒரு வாய் இட்லி இறங்காது. பொட்டுக்கடலையும் முறுக்கும் மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு விரல் விட்டு எடுக்கணும். எச்சி இல்லாத வாயில பல்லு ஈறோரமா சொத்தை விழும், நிறைய பேருக்கு முதல்ல சந்தேகப்படுறதே பல் டாக்டர்தான். கண் டாக்டர்கிட்ட போனா ஒரு பேப்பர் பட்டையை நுனில மடிச்சு கீழ் இமைக்குள்ள சொருகி 5 நிமிஷம் கண்ணை மூடச் சொல்வாங்க, 5 மில்லிமீட்டர் கூட நனையலன்னா வறட்சின்னு அர்த்தம். என் பட்டைல ஒரு கோடு கூட நனையாம அப்படியே இருந்துச்சு, அந்த டெக்னீஷியன் பொண்ணு சரியா வைக்கலையோன்னு திருப்பி வச்சு பாத்துச்சு பாவம். டென்னிஸ் வீனஸ் வில்லியம்ஸ் 2011ல யுஎஸ் ஓபன்ல பாதில விலகினாங்களே, அதுக்கும் இந்த நோய்தான் காரணம்.

பேருக்கு சொந்தக்காரர் ஹென்ரிக் ஷோக்ரன், ஸ்வீடன் நாட்டு கண் டாக்டர். 1933ல 19 பொம்பளைங்களைப் பத்தி எழுதினது அவரோட டாக்டர் பட்ட ஆராய்ச்சி, அதுல 13 பேருக்கு மூட்டு வாதமும் இருந்துச்சு, கண்ணு காயுறதும் வாய் காயுறதும் மூட்டு வலியும் தனித்தனி இல்ல ஒரே நோய்னு சொன்னார். அதுக்கு நல்ல மார்க் கூட போடல, பல்கலைக்கழகத்துல பாடம் நடத்துற தகுதியும் கிடைக்கல. 1943ல ஒரு ஆஸ்திரேலிய கண் டாக்டர் இங்கிலீஷ்ல மொழிபெயர்த்த பிறகுதான் உலகம் படிச்சுது. ஷோக்ரனுக்கும் முன்னாடி 1892லயே மிக்குலிட்ஸ்னு ஒரு சர்ஜன், அப்போ ஜெர்மனில இருந்த கோனிக்ஸ்பெர்க்ல, கண்ணீர் சுரப்பியும் எச்சி சுரப்பியும் ரெண்டு பக்கமும் வீங்கின ஒரு விவசாயியைப் பத்தி எழுதியிருக்கார். 2005ல ரெண்டு நோயியல் டாக்டர்கள் அந்த பழைய குறிப்பை திரும்ப எடுத்துப் படிச்சுட்டு, அந்த ஆளுக்கு இருந்தது சுரப்பில வந்த லிம்போமாவாத்தான் இருக்கணும்னு சொன்னாங்க. நோய்க்கு பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே லிம்போமா கதைக்குள்ள வந்துடுச்சு, படிச்சப்போ எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

இப்ப நம்பருக்கு வர்றேன்.

1964ல டலால், பனிம்னு ரெண்டு பேர், அமெரிக்காவோட தேசிய சுகாதார நிறுவனத்துல, தங்ககிட்ட வர்ற 58 ஷோக்ரன்ஸ் நோயாளிகள்ல சிலருக்கு லிம்போமா வர்றதை கவனிச்சு எழுதினாங்க. அதே இடத்துல 1978ல வந்ததுதான் இந்த 44. மொத்தம் 136 பொம்பளைங்க, சராசரியா ஒரு 8 வருஷம் கவனிச்சிருக்காங்க, 7 பேருக்கு லிம்போமா. அதே வயசுல இருக்குற சாதாரண பொம்பளைங்க 136 பேரை அதே காலத்துக்கு கவனிச்சிருந்தா எத்தனை பேருக்கு வந்திருக்கும்னு கணக்கு போட்டா 0.16. ஒரு முழு ஆள் கூட இல்ல, ஆறுல ஒரு ஆள். 7ஐ 0.16ஆல வகுத்துப் பாருங்க, 43.75, அதான் உங்க 44. கீழ இருக்குற நம்பர் அவ்வளவு சின்னதா இருந்தா மேல என்ன வந்தாலும் மடங்கு எகிறத்தான் செய்யும். கூட ரெண்டு பேருக்கு வந்திருந்தா 56 மடங்கு, ரெண்டு பேர் குறைஞ்சிருந்தா 31 மடங்கு.

இன்னொரு விஷயம், அது யார் போற ஆஸ்பத்திரி? ஊர் டாக்டர் பாத்து, டவுன் டாக்டர் பாத்து, எங்கயும் அடங்காம முத்தினவங்களை அனுப்புற இடம். கண்ணு மட்டும் காஞ்சு சொட்டு மருந்து விட்டுக்கிட்டு வீட்டுல இருக்குற அம்மா அங்க போயிருக்கவே மாட்டாங்க. அதனாலதான் பின்னாடி சாதாரண ஊர் ஆஸ்பத்திரில வர்றவங்களையும் சேர்த்து எண்ண ஆரம்பிச்சதும் நம்பர் இறங்குச்சு. 2006ல ஸ்வீடன்ல மால்மோ ஊர்ல இருந்து வந்தது 16 மடங்கு. அதுக்கு முந்தின வருஷம் பல ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் போட்ட கணக்குல முடக்குவாதத்துக்கு 4 மடங்கு போல, லூபஸ்ங்கிற இன்னொரு எதிர்ப்பு சக்தி நோய்க்கு 7 போல, ஷோக்ரன்ஸுக்கு 19 போல. மடங்கை விட்டுட்டு ஆளா எண்ணினா, ஷோக்ரன்ஸ் இருக்குற 100 பேருல ஆயுசு முழுக்க சேர்த்து அஞ்சுல இருந்து பத்து பேருக்கு லிம்போமா வரலாம்னு டாக்டர்கள் பொதுவா சொல்றாங்க. மிச்சம் தொண்ணூறு பேருக்காவது அது வரவே வராது.

இதை சொன்னதும் போன்ல அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேக்கும். அதோட நிறுத்திடலாம்தான், ஆனா "அதெல்லாம் ஒண்ணும் வராதும்மா, கூகுள் பாக்காதீங்க"ன்னு சொல்லி அனுப்புற டாக்டர்களைப் பாத்தாலும் எனக்கு கோவம் வரும். நூத்துக்கு அஞ்சுன்னா அது சும்மா இல்ல. சொந்த உடம்பையே தாக்குற நோய்கள்ல லிம்போமா இவ்வளவு ஒட்டிக்கிட்டு வர்றது இதுலதான். அதை விட முக்கியம், அந்த அஞ்சோ பத்தோ எல்லாருக்கும் சமமா பங்கு போட்ட ஆபத்து இல்ல. உங்களுக்கும் எனக்கும் ஒரே நோய் பேரு, ஆனா உங்க வாய்ப்பு நூத்துக்கு ரெண்டா இருக்கலாம், என்னோடது அதைப்போல பல மடங்கா இருக்கலாம். யாரு எந்தப் பக்கம்னு ஓரளவுக்கு முன்கூட்டியே தெரிஞ்சுக்க வழி இருக்கு, அதைத்தான் யாரும் உக்காந்து சொல்றதில்ல.

ஏன் வருதுன்னு எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். எச்சி சுரப்பிக்குள்ள வெள்ளை அணுக்கள் கூட்டமா தங்குற வழக்கம் கிடையாது. ஷோக்ரன்ஸ்ல அதுங்க உள்ள வந்துடுது, வந்தது திரும்பிப் போகாது, கலவரமே இல்லாத தெருவுல போலீஸ் வந்து டென்ட் போட்டு, அப்புறம் டென்ட்டை எடுத்துட்டு ஸ்டேஷனே கட்டின மாதிரி. உதட்டுல பயாப்சி எடுக்குறாங்களே, கீழ் உதட்டுக்கு உள்பக்கம் மரத்துப் போக ஊசி போட்டு, அரிசி அரிசியா இருக்குற குட்டி சுரப்பிகள்ல நாலஞ்சை கிள்ளி எடுப்பாங்க, ரெண்டு தையல், ஒரு வாரம் காரம் சாப்பிட முடியாது, அவ்வளவுதான், அதுல எண்ணுறது இதைத்தான். 50 அணுக்களாவது சேர்ந்திருந்தா ஒரு கூட்டம், 4 சதுர மில்லிமீட்டர்ல எத்தனை கூட்டம்னு ஒரு ஸ்கோர். 1 இருந்தாலே நோய் பக்கம் சாயும். 4ம் அதுக்கு மேலயும் போனா லிம்போமா விஷயத்துல கவனமா இருக்கணும். அந்தக் கூட்டத்துல பி செல்னு ஒரு வகை, எதிர்ப்பொருள் தயாரிக்கிற வகை, வருஷக்கணக்கா நிறுத்தாம பெருகிக்கிட்டே இருக்கும், ஒவ்வொரு தடவை பிரியும்போதும் மரபணுல ஒரு எழுத்து பிசகுறதுக்கு வாய்ப்பு, என்னைக்கோ ஒரு நாள் ஒரு செல் யாரும் உத்தரவு போடாமலே தானா பெருக ஆரம்பிச்சா அதுதான் லிம்போமா. அதனாலதான் இதுல வர்ற லிம்போமால பெரும்பாலானது பி செல் லிம்போமா, அதுலயும் மால்ட்னு ஒரு வகை, எச்சி சுரப்பிலயேதான் ஆரம்பிக்கும்.

இந்த மால்ட் வகையை ஐசக்ஸன், ரைட்னு ரெண்டு பேர் 1983ல அடையாளம் காட்டினாங்க. அதுல ஐசக்ஸனோட குழு பத்து வருஷம் கழிச்சு ஒரு வேலை பண்ணாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சி அது. வயித்துலயும் இந்த மால்ட் லிம்போமா வரும், அங்க காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரின்னு ஒரு கிருமி, அல்சருக்கு காரணம்னு சொல்வாங்களே அதேதான். அந்தக் கிருமியை கொல்ல வெறும் ஆன்டிபயாடிக் குடுத்தாங்க, 6 பேருல 5 பேருக்கு லிம்போமா மறைஞ்சு போச்சு. கீமோ இல்ல, கரண்ட் இல்ல, மெடிக்கல்ல கிடைக்கிற ஆன்டிபயாடிக்! தூண்டி விடுற ஆளை எடுத்துட்டா கூட்டம் தானா கலையுதுன்னு அப்பதான் தெளிவாச்சு. நமக்கு உள்ள சிக்கலும் அங்கதான். நம்ம சுரப்பில தூண்டி விடுறது வெளில இருந்து வந்த கிருமி இல்ல, நம்ம உடம்போட சொந்த சரக்கு. அதை எந்த ஆன்டிபயாடிக்கை வச்சு எடுக்குறது?

சரி, யாரு உஷாரா இருக்கணும். டாக்டர்கள் பாக்குற விஷயங்கள்ல எனக்கு முக்கியமாப் படுறது சி4. காம்ப்ளிமென்ட்னு ரத்தத்துல ஒரு புரதக் குடும்பம், அதுல நாலாவது. லேபுக்கு லேப் மாறும், பொதுவா 10ல இருந்து 40 வரைக்கும் இருக்கணும், அது தொடர்ந்து குறைவாவே இருந்தா உள்ள எங்கயோ அது செலவாகிக்கிட்டே இருக்குன்னு அர்த்தம். அப்புறம் கால்ல வர்ற சிவப்புப் புள்ளி, கல்யாண வீட்டுல நாள் முழுக்க நின்னுட்டு வந்து ராத்திரி பாத்தா முழங்காலுக்கு கீழ மிளகு அளவுல சிவப்பா, தடவினா கைக்குத் தட்டுப்படும், அமுக்கினா மறையாது. கொசுக்கடி, சாக்ஸ் அலர்ஜின்னு விட்டுடுறோம், அது ரத்தக்குழாய் அழற்சி, கட்டாயம் காட்டணும். ருமட்டாய்டு ஃபேக்டர்னு ஒரு ரத்த டெஸ்ட் பாசிட்டிவ், வெள்ளை அணுக்கள்ல லிம்போசைட் குறைச்சல், மண்ணீரல் வீக்கம், கழுத்துலயோ அக்குள்லயோ நெறி கட்டினது கரையாம நிக்கிறது, இதெல்லாமும் அந்தப் பட்டியல்தான். கண்ணு எவ்வளவு காயுது, வாய் எவ்வளவு காயுதுங்கிறது இதுல பெருசா வராது. என்னை விட மோசமா வாய் காயுற ஒரு அம்மா எனக்குத் தெரியும், அவங்க சி4 நார்மல், மத்தது எல்லாம் நார்மல், டாக்டர் அவங்களை ரொம்ப நாளைக்கு ஒரு தடவைதான் வரச் சொல்றார்.

அந்தப் பட்டியல்ல கிரையோகுளோபுலின்னு ஒண்ணு இருக்கு, அதைப் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா டெஸ்ட்டே சரியா நடக்குறதில்ல. இது குளிர்ந்தா உறைஞ்சு கீழ படியுற புரதம். ரத்தம் எடுத்த நிமிஷத்துல இருந்து உறைஞ்சு சீரம் பிரிக்கிற வரைக்கும் உடம்பு சூட்டுலயே, 37 டிகிரில வச்சிருக்கணும். நம்மூர்ல என்ன பண்றாங்க, ட்யூபை எடுத்து ஸ்டாண்டுல வச்சுட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுறாங்க, ஏசி ரூம், இல்லன்னா ஐஸ் பெட்டில போட்டு வண்டில வேற ஊருக்கு அனுப்புறாங்க. புரதம் அங்கயே அடில தங்கிடும், ரிப்போர்ட் நெகட்டிவ்னு வரும். எனக்கு முதல்ல எடுத்த இடத்துல அப்படித்தான் ஆச்சு. அடுத்து போன இடத்துல லேப்ல இருந்த அண்ணன் ஊசி, ட்யூப் எல்லாத்தையும் முன்னாடியே சூடு பண்ணி வச்சு, ரத்தம் எடுத்ததும் வெதுவெதுப்பான தண்ணி இருந்த பிளாஸ்க்குக்குள்ள ட்யூபை இறக்கி மூடி, "இது என் கையை விட்டுப் போகாதுங்க, நானே மெஷின் கிட்ட கொண்டு போறேன்"னு சொல்லிட்டுப் போனார். அவர் எடுத்ததுல பாசிட்டிவ். அதே உடம்பு, அதே மாசம்.

எல்லாத்தையும் விட பெரிய அடையாளம் வீக்கம். காதுக்குக் கீழ, தாடை வளையுற இடத்துல பரோட்டிட்னு எச்சி சுரப்பி, ஷோக்ரன்ஸ்ல அது அப்பப்ப வீங்கும், வடியும். எனக்கு முதல் தடவை வீங்கினப்போ எங்க சித்தி வந்து பாத்துட்டு "பொன்னுக்கு வீங்கிடி இது, தங்கத்துல சங்கிலி போட்டுக்கோ, சரியாயிடும்"னு அவங்க கழுத்துல இருந்ததையே கழட்டி மாட்டி விட்டாங்க. ஒரு வாரத்துல வடிஞ்சுது, சித்திக்கு ஒரே பெருமை. வந்து போற வீக்கம் வேற, வந்துட்டு போகாத வீக்கம் வேற. ரெண்டு மாசம் ஆகியும் வடியல, ஒரு பக்கம் மட்டும் பெருசாகுது, தொட்டா கல்லு மாதிரி கெட்டியா இருக்கு, வலியும் இல்லன்னா அப்ப ஸ்கேன் பாக்காம இருக்கக் கூடாது. வலிக்கலன்னா நாம போக மாட்டோமே, அதுதான் இதுல வம்பு. 1978ல அந்த 44ஐ சொன்ன அதே ஆய்வுலயே, பரோட்டிட் வீங்கினவங்களுக்கும் மண்ணீரலும் நெறியும் பெருத்தவங்களுக்கும்தான் ஆபத்து கூடுதல்னு தெளிவா போட்டிருக்கு. 44 மட்டும் ஊர் பூரா பரவுச்சு, இது பரவல.

எனக்கு இடது பக்கம் அப்படி ஒரு தடவை வடியாம நின்னுச்சு. சி4 அப்போ 6. அல்ட்ராசவுண்ட்ல கருப்பு கருப்பா தேன்கூடு கணக்கா தெரிஞ்சுது, அது இந்த நோய்ல இருக்குறதுதான், அதுக்கு நடுவுல ஒரு இடம் மட்டும் தனியா பெருசா இருந்துச்சு, பயாப்சி எடுக்கணும்னாங்க. முதல்ல பாத்த இடத்துல சின்ன ஊசில உறிஞ்சி எடுக்குறோம், ஈஸின்னாங்க. ருமட்டாலஜி டாக்டர், அதான் மூட்டுவாத டாக்டர், வேண்டாம்னுட்டார், "உறிஞ்சினா செல் வரும்மா, அமைப்பு வராது, லிம்போமாவை பிரிச்சுப் பாக்க அமைப்பு வேணும்"னு கொஞ்சம் பெரிய ஊசில சதையைத் துண்டாவே எடுக்குற கோர் பயாப்சிதான் எடுக்கச் சொன்னார். முகத்தை அசைக்கிற நரம்பு அந்த சுரப்பிக்கு நடுவுல ஊடுருவிப் போகுது, அதுல கை பட்டா வாய் கோணிக்கும், அதனால ஸ்கேன் பாத்துக்கிட்டே ரொம்ப மெதுவா எடுத்தாங்க, ஒரு ஜூனியர் டாக்டர் பொண்ணு நிமிஷத்துக்கு ஒரு தடவை "ஆன்ட்டி, ஈ காட்டுங்க"ன்னு பல்லைக் காட்டச் சொல்லி செக் பண்ணிட்டே இருந்துச்சு. ரிசல்ட்ல லிம்போமா இல்ல, ஆனா கூட்டம் நிறைய இருக்கு, தொடர்ந்து கவனிக்கணும்னு எழுதியிருந்துச்சு. நான் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரிஞ்சுது, அது தெரிஞ்சதுல எனக்கு நிம்மதிதான், நம்பினா நம்புங்க.

தைராய்டுக்காரங்களும் இதைப் படிப்பீங்க, ஏன்னா ஷோக்ரன்ஸ் இருக்குறவங்கள்ல நிறைய பேருக்கு ஹஷிமோட்டோ தைராய்டும் கூட இருக்கும், ரெண்டும் சுரப்பியைத் தாக்குற வேலைதான். அதுக்கும் இதே மாதிரி ஒரு பயமுறுத்தல் நம்பர் உண்டு, 1985ல ஸ்வீடன் ஆய்வு ஒண்ணுல தைராய்டு லிம்போமா 67 மடங்கு. பாத்தீங்களா, 44ஐ விடப் பெருசு! ஆனா தைராய்டுலயே ஆரம்பிக்கிற லிம்போமா எவ்வளவு அபூர்வம்னா, வருஷத்துக்கு 10 லட்சம் பேருல ரெண்டு பேருக்கு வரும். 67ஆல பெருக்குங்க, 134. அதாவது ஹஷிமோட்டோ உள்ள 10,000 பேருல வருஷத்துக்கு ஒருத்தர், கொஞ்சம் மேல. தெருவுக்கு நாலு பேர் தைராக்சின் சாப்பிடுற ஊர்ல இதுக்கு பயந்து தூக்கத்தை விட வேண்டாம். பல வருஷமா ஹஷிமோட்டோ இருக்குற வயசானவங்களுக்கு கழுத்து வீக்கம் ஒரு சில வாரத்துல மடமடன்னு பெருசாகி, குரல் கம்மி, மூச்சு இழுத்தா மட்டும் அன்னைக்கே ஓடுங்க.

வந்துட்டா என்னன்னும் கேப்பாங்க. மால்ட் வகைன்னா அது ரொம்ப மெதுவா நகர்ற ஆளு. சுரப்பியோட நிக்குதுன்னா சில பேருக்கு சும்மா கவனிச்சுக்கிட்டே இருக்காங்க, சில பேருக்கு 4 கிரேன்னு ரொம்பக் குறைஞ்ச அளவு ரேடியேஷன், தேவைப்பட்டா ரிட்டுக்சிமாப், 1997ல அமெரிக்கால அனுமதி கிடைச்ச மருந்து, பி செல்லையே தேடிப் போய் ஒழிக்கும். பல வருஷம் நல்லா இருப்பாங்க. சிலருக்கு அது வேகமான வகையா மாறும், இல்ல ஆரம்பமே அந்த வகையா இருக்கும், அப்போ ஆர்-சாப்னு கீமோ, 21 நாளுக்கு ஒரு தடவை, அதுக்கும் நிறைய பேர் குணமாகுறாங்க. ராத்திரி துணி நனையுற அளவுக்கு வேர்வை, காரணமில்லாத காய்ச்சல், ஆறு மாசத்துல உடம்பு எடைல பத்துல ஒரு பங்கு தானா இறங்குறதுன்னா காத்திருக்கக் கூடாது.

வராம தடுக்க மருந்து இருக்கான்னா, தடுக்கும்னு நிரூபிச்ச மருந்து எதுவும் இல்ல. எல்லாருக்கும் எழுதுற ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், 2014ல வந்த பிரெஞ்சு ஆய்வுல வறட்சி, வலி, அசதி மூணுக்குமே பெருசா உதவலன்னு வந்துச்சு, மூட்டுக்கும் தோலுக்கும் இன்னும் குடுக்குறாங்க, நானும் சாப்பிடுறேன், வருஷா வருஷம் விழித்திரை செக்கப்போட. ரிட்டுக்சிமாபையே ஷோக்ரன்ஸுக்கு குடுத்துப் பாத்த ரெண்டு பெரிய ஆய்வும் எதிர்பார்த்த பலன் காட்டல. அதனால இப்போதைக்கு நம்ம கையில இருக்குறது ரிவ்யூதான். போகும்போது டாக்டர் கழுத்தையும் தாடையையும் அக்குளையும் தொட்டுப் பாக்குறாரான்னு பாருங்க, கம்ப்யூட்டரைப் பாத்தே மாத்திரை எழுதினா "டாக்டர், நெறி கட்டியிருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க"ன்னு நீங்களே சொல்லுங்க, தப்பா எடுத்துக்க மாட்டாங்க. லேப்காரங்க விக்கிற மாஸ்டர் செக்கப் பேக்கேஜ்ல கொலஸ்ட்ரால்ல இருந்து வைட்டமின் டி வரைக்கும் இருக்கும், சி4 இருக்காது. அதை சீட்டுல தனியா எழுதி வாங்கிக்குங்க, பழைய ரிப்போர்ட்டையும் தூக்கிப் போடாதீங்க, போன தடவை எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் இந்த தடவை வந்ததுக்கு அர்த்தம் தெரியும்.